தோற்றுப்போன பெட்டி

"கையெழுத்துப் போடமாட்டேன் கா. போலிஸ் வரட்டும், கோர்ட்டு வரட்டும். போடவே மாட்டேன்."

தனலெட்சுமி மேசையில் ஓங்கிக் குத்திய குத்தில் கோகுலனின் தே தாரேக் தேநீர் பாதி மேசைக்கும் மீதி அவன் சட்டைக்கும் போய்ச் சேர்ந்தது.

"தங்கச்சி, உங்க கோபம் நியாயம்தான். ஆனா அந்த தே தாரேக் ஒரு பாவமும் பண்ணல லா," என்றான் கோகுலன்.

துப்பறிவாளர் ருக்கையா சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அழ வேண்டிய நேரத்தில் சண்டைக்கு நிற்கிறவர்களை அவருக்கு எப்போதும் பிடிக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டு, லெபோ சூலியா தெருவில் மாடியறை பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கியவர் அவர். கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை. வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வழக்கைச் சொல்வதற்கு முன்பே பசிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவருடைய உதவியாளன் கோகுலனோ தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் மோட்டாரில் வந்து பெர்ரிப் படகு ஏறுகிறவன். சம்பளத்துக்கு உழைப்பது கொஞ்சம், வாய்க்கு வேலை கொடுப்பது மிச்சம்.

"மொதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் ருக்கையா.

தனலெட்சுமி மூச்சை இழுத்துவிட்டாள். நிபோங் திபாலில் பிறந்து, கடற்கரைத் தெருவில் இருக்கும் பெலாயார் கார்கோ என்ற சரக்குக் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக வேலை செய்பவள்.

"சர்வருக்கு உள்ளேயே எட்டு டிஸ்க் இருக்கு கா. கம்பெனி டேட்டா எல்லாத்தையும் அதுலயே வைக்கலாம். இல்லன்னா தனியா ஒரு பெரிய டிஸ்க் பெட்டி வாங்கி, கேபிள் போட்டு சர்வரோட இணைக்கலாம். எது வேகம்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுன்னாங்க."

"வீட்டு அடுப்படிக்கும் கீழ இருக்கற நாசி கண்டார் கடைக்கும் பந்தயம்," என்றான் கோகுலன்.

கேலியாகச் சொன்னது. ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதேதான் அண்ணே. எனக்கு ஒரு முட்டை பொரிக்கணும்னா வீட்டு அடுப்படிதான் கிட்டக்க. ஊருக்கே சோறு போடணும்னா கடைதான் வேணும். நாலஞ்சு சர்வர் ஒண்ணா சேந்து ஒரே டேட்டாவைக் கேட்டா வெளிப்பெட்டிதான் நல்லது. எங்ககிட்ட இருக்கறது ஒரே சர்வர். ரெண்டும் கிட்டத்தட்ட சமமா ஓடுச்சு. உள்ள இருக்கறதே போதும், வெளிய வாங்க வேணாம்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"போன வெள்ளிக்கிழமை எல்லா மேனேஜரையும் மீட்டிங் ரூம்ல உக்கார வெச்சு மறுபடியும் டெஸ்ட் ஓட்டிக் காட்டினாங்க. வெளிப்பெட்டி மூணு மடங்கு வேகம். உள்டிஸ்க் நொண்டுது. எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. பெட்டி விக்கிற கம்பெனிக்குப் போட்டியா இருக்கறவங்ககிட்ட கை நீட்டிட்டு பொய் ரிப்போர்ட் கொடுத்தேனாம். அத்தனை பேர் முன்னால சொன்னாங்க கா." அவள் குரல் ஒரு கணம் தடுமாறியது. மறுகணமே நிமிர்ந்துகொண்டாள். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தப்பு என் மேலதான்னு கையெழுத்துப் போட்டா சத்தமில்லாம அனுப்பிடுவாங்களாம். இல்லன்னா போலிஸ் ரிப்போர்ட். பினாங்குல இந்தத் தொழில் ரொம்பச் சின்னது. நான் போட்டா, நாளைக்கே கடலுக்கு அந்தப் பக்கம் பிறை வரைக்கும் தெரிஞ்சிடும். அப்பறம் ஒரு கம்பெனி சர்வர் ரூம்லயும் என்னை விடமாட்டாங்க."

"டெஸ்ட்டை யாரு ஓட்டினா?"

"என் மேனேஜர் ராமதாஸ் அண்ணன் சர்வர் ரூம்ல இருந்து ஓட்டினார். நாங்க எல்லாம் மீட்டிங் ரூம் திரையில நம்பரைப் பாத்தோம். பெட்டி விக்கிற கம்பெனியோட எஞ்சினியர் ஹாரிஸும் அவரோட இருந்தார்."

ருக்கையா அந்தக் கம்பெனித் தலைவிக்குப் போன் போட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, காடிச் சாவியை எடுத்தார். "கோகுல், சட்டையை மாத்திக்க. போறோம்."

"மாத்துச் சட்டை தாசேக் கெலுகோர்ல இருக்கு கா."

"அப்ப தே தாரேக்கோட வா."

மழை விட்டிருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம். லெபோ பாசார் முழுக்கக் கடைகள் நடைபாதைக்கு இறங்கியிருந்தன. காடி நகர்வதைவிட நிற்பதுதான் அதிகமாக இருந்தது. பின் சீட்டில் இருந்த தனலெட்சுமி நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

"வெளிப்பெட்டிக்குன்னு சொந்தமா மெமரி இருக்கு கா. சின்னதா டெஸ்ட் கொடுத்தா டிஸ்க்கைத் தொடாமலே அந்த மெமரியில இருந்து பதில் சொல்லிடும். பாக்கறவங்களுக்கு ராக்கெட் மாதிரி தெரியும். ஹாரிஸ் அந்த வேலையத்தான் காட்டியிருக்கணும்."

"அடுப்பே பத்தவைக்காம நேத்து சோத்தைப் போட்டுட்டு, சூடா இருக்குன்னு சொல்ற வேலை," என்றான் கோகுலன். அவனைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பெட்டி விற்கிறவன் ஹாரிஸ். பெட்டி ஜெயித்தால் லாபம் ஹாரிஸுக்கு. இதற்கு எதற்கு ஒரு துப்பறிவாளர் என்று அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டான்.

பெலாயார் கார்கோவின் வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "தனம், உன் கார்டைப் பிடிங்கிட்டாங்க. உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்."

"கார்டு இல்லன்னா என்ன அண்ணே, கால் இருக்கு," என்று அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். "தூக்கிட்டுப் போகணும்னா தூக்குங்க. நானா வெளிய போகமாட்டேன்."

காவலாளி கோகுலனைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க. என் சட்டையையே காப்பாத்த முடியல," என்றான் கோகுலன்.

மாடியில் ராமதாஸ் எதிரே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கோயில் கமிட்டித் தலைவருக்கே உரிய இதமான குரல். ருக்கையாவைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"வாங்க வாங்க. மேடம் சொன்னாங்க. சின்னப் பொண்ணு மேடம், ஏதோ தெரியாம செஞ்சிருச்சு. எனக்கும் பொண்ணு இருக்கு. போலிஸ் எல்லாம் வேணாம்னு நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். ஒரு கையெழுத்து. அதோட முடிஞ்சது. நீங்க எடுத்துச் சொன்னா கேக்கும்."

"கேக்காது அண்ணே," என்றாள் தனலெட்சுமி.

அவர் முகத்தில் இருந்த கருணை கொஞ்சமும் குறையவில்லை. கோகுலனுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது?

கம்பெனியின் தலைவி காமாரியா தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கட்டையான உருவம், அதைவிடக் கட்டையான பேச்சு. "ருக்கையா, பழகின முகம்னு விடறேன். சாயங்கால மீட்டிங்குக்கு முன்னால முடிச்சுக்கோங்க. பொருளைத் தொடறதா இருந்தா என்னைக் கூப்பிட்டுட்டுத் தொடுங்க."

"சர்வர் ரூம் கார்டு இப்ப யார் யார்கிட்ட இருக்கு?"

"ராமதாஸ்கிட்ட ஒண்ணு. டெமோவுக்காக ஹாரிஸ்கிட்ட ஒண்ணு. வேற யாருக்கும் இல்ல."

சர்வர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். தனலெட்சுமியை உள்ளே விட முடியாது என்று ராமதாஸ் வருத்தத்தோடு சொன்னார். அவள் கண்ணாடிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தன் சொந்த அறையை வெளியிலிருந்து பார்க்கிற அந்தப் பார்வையை கோகுலன் இரண்டாம் முறை பார்க்க விரும்பவில்லை.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. ஈரச் சட்டைக்காரனுக்கு இரட்டைக் குளிர். ஹாரிஸ் தரையில் உட்கார்ந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், காதில் ஒயர், வாயில் சூயிங்கம்.

கோகுலன் நேரே விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, நேத்து சோத்தை சூடுன்னு சொல்லி வித்தீங்களாமே?"

"என்ன சோறு?"

"சின்ன டெஸ்ட்டைக் கொடுத்து, டிஸ்க்கைத் தொடாம, மெமரியிலயே ஓட்டிக் காட்டினீங்களான்னு கேக்கறான்," என்று ருக்கையா மொழிபெயர்த்தார்.

ஹாரிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையிலிருந்த கேபிளை வீசினார். "யாரு சொன்னா? என் பெட்டி நல்ல பெட்டி கா. இந்தத் தீவுல எத்தனையோ இடத்துல ஓடுது. இங்க ஓட்டினது பெரிய டெஸ்ட், மெமரியில அடங்கவே அடங்காது. வெள்ளிக்கிழமை டெஸ்ட் முழுக்க என் பெட்டியில எல்லா லைட்டும் வெட்டி வெட்டி எரிஞ்சுச்சு. நான் வீடியோ எடுத்து எங்க ஆபீஸ் குரூப்ல போட்டேன். பாக்கறீங்களா?"

பார்த்தார்கள். உண்மைதான். டிஸ்க் விளக்குகள் தீபாவளிக்கு அலங்காரம் செய்தது போல மின்னின. பெட்டி முழு மூச்சாக உழைத்திருக்கிறது. கோகுலனின் முடிந்துபோன வழக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது.

"ஹாரிஸ், உங்க பெட்டியோட வேகம் எவ்வளவு வந்துச்சு அன்னிக்கு?" என்று கேட்டார் ருக்கையா.

அவர் பெருமையாக ஓர் எண்ணைச் சொன்னார். ருக்கையா கதவைத் திறந்து, வெளியே நின்ற தனலெட்சுமியிடம் கேட்டார். "தனம், உன் டெஸ்ட்ல வெளிப்பெட்டி எவ்வளவு ஓடுச்சு?"

அவள் யோசிக்காமல் சொன்னாள். அதே எண்.

ருக்கையா கதவை மூடிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டார். குளிருக்கா சந்தோஷத்துக்கா என்று கோகுலனுக்குத் தெரியவில்லை.

"புரியுதா தம்பி?"

"புரியுது கா. எனக்கு ஜலதோஷம் பிடிக்கப்போகுது."

"வெளிப்பெட்டி ஜெயிக்கவே இல்ல. தனத்தோட டெஸ்ட்ல எவ்வளவு ஓடுச்சோ, அதேதான் வெள்ளிக்கிழமையும் ஓடியிருக்கு. எல்லாரும் ஜெயிச்ச பெட்டியையே பாத்துக்கிட்டு இருக்கோம். மாறினது அது இல்ல. உள்ள இருக்கறது தோத்திருக்கு. தோத்த பெட்டியை யாரும் திரும்பிப் பாக்கல."

மூவரும் திரும்பி சர்வரைப் பார்த்தார்கள். கறுப்புப் பெட்டி. முன்பக்கத்தில் எட்டு டிஸ்க் தட்டுகள் புத்தகங்கள் போல நெட்டுக்குத்தலாக, பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தன. அவற்றின் முகத்தில் திருநீற்றுப் பட்டை, ஒரு தட்டில் மட்டும் குங்குமம். தட்டுகள் எல்லாம் ஒழுங்காக, இறுக்கமாக, சமமாக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஸ்க்ரீன்ல பாத்தா உள்ள எந்த டிஸ்க்குன்னு தெரியாதா?" என்றான் கோகுலன்.

"தெரியும். பாஸ்வேர்ட் ராமதாஸ் சார்கிட்ட," என்றார் ஹாரிஸ்.

"ஆயுத பூஜைக்கு வெச்சது போல," என்றார் ருக்கையா, பட்டையைக் காட்டி. "இதெல்லாம் துடைக்கமாட்டீங்களா?"

"துடைக்கமாட்டோம் கா. அதுவா உதிர்ற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுருவோம். என் மோட்டார்ல போன வருஷத்துக் குங்குமம் இன்னும் இருக்கு, மோட்டாரைக் கழுவாததுக்கு எனக்கு அது நல்ல சாக்கு." கோகுலன் குனிந்து சர்வரை உற்றுப் பார்த்தான். "ஆனா இந்த சர்வர் சாமி பாவம். யாரோ அவசரத்துல போட்டு விட்டிருக்காங்க. பட்டை மேல ஏறுது, கீழ இறங்குது, தடியா இருக்கு, திடீர்னு மெலியுது, மறுபடி தடியாகுது. எங்க தாத்தா கண்ணாடி இல்லாம போட்டாக்கூட இதைவிட நேரா போடுவார்."

ருக்கையா அசையாமல் நின்றார். "இன்னொரு தடவ சொல்லு."

"எங்க தாத்தா..."

"தாத்தாவை விடு லா!" அவர் மறுபடி கதவைத் திறந்தார். "தனம், சர்வருக்குப் பட்டை போட்டது யாரு?"

"நான்தான் கா. புது சர்வர் வந்த வாரமே ஆயுத பூஜை வந்துச்சு. திருநீறைத் தண்ணியில குழைச்சு மூணு விரலால போட்டேன்."

"ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாவா?"

"இல்ல கா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பு." அவள் காற்றில் இழுத்துக் காட்டினாள். இடமிருந்து வலமாக, நிறுத்தாமல், மூன்று விரல்.

கோகுலனுக்கு முதுகில் புல்லரித்தது. இந்தத் தடவை ஏசி காரணமில்லை. ஒரே இழுப்பில் போட்ட பட்டை இடது கோடியில் தடியாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, வலது கோடியில் மங்கி முடிய வேண்டும். இங்கே மூன்றாவது தட்டில் மங்கிவிட்டு ஐந்தாவதில் தடியாக இருந்தது. ஒரு தட்டின் கோடு பக்கத்துத் தட்டின் கோட்டோடு சேரவில்லை. நடுவில் இருக்க வேண்டிய குங்குமத் தட்டு ஓரத்துக்குப் போயிருந்தது.

"எட்டையும் யாரோ உருவியிருக்காங்க," என்றான் மெதுவாக. "உருவி, மறுபடி செருகும்போது வரிசை மாறிப்போச்சு."

"டிஸ்க் எந்த இடத்துல இருந்தாலும் சர்வருக்குக் கவலை இல்ல," என்றார் ஹாரிஸ், சூயிங்கத்தை மெல்வதை நிறுத்திவிட்டு. "புதுசா டெஸ்ட் ஓட்டறதுன்னா வரிசையை யாரும் பாக்கமாட்டாங்க."

"தனமே உருவியிருந்தா?" என்றான் கோகுலன். உடனே அவனே தலையாட்டிக்கொண்டான். "இல்ல. உள்டிஸ்க் நல்லா ஓடுதுன்னு சொன்னதே அவதான். அவளே அதைத் தோக்கடிப்பாளா?"

"அப்ப கார்டு இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்," என்றார் ருக்கையா. ஹாரிஸின் முகம் வெளுத்தது. கோகுலன் அவரை வெற்றிப் பார்வை பார்த்தான். பெட்டி விற்கிறவன், லாபம், கார்டு. எல்லாம் சேர்ந்துவிட்டது.

ருக்கையா காமாரியாவையும் ராமதாஸையும் உள்ளே வரவழைத்தார். தனலெட்சுமியும் வர வேண்டும் என்றார். ராமதாஸ் வாயைத் திறக்குமுன், "வரட்டும்," என்றார் காமாரியா.

"ஒரு சின்ன வேலை. எனக்கு டிஸ்க்கை உருவத் தெரியாது," என்றார் ருக்கையா, கல்யாண வீட்டில் தண்ணீர் கேட்கிறவர் போல. "ஹாரிஸ், நீங்க ஒண்ணை உருவிக் காட்டுங்க. ராமதாஸ் சார், நீங்க ஒண்ணு."

ஹாரிஸ் முன்னால் வந்தார். நாளெல்லாம் அதே வேலை செய்கிறவரின் அலட்சியத்தோடு, கட்டைவிரலைத் தட்டின் முகத்தில் அகலமாக ஊன்றி, கொக்கியை அமுக்கி, சரக்கென்று இழுத்தார். தட்டு வந்தது. கூடவே பட்டையும் அழிந்து அவர் விரலோடு வந்தது.

"அலாமாக்! சாரி மா, சாரி," என்று தனலெட்சுமியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "கவனிக்கல. கை பழக்கம்."

"பரவால்ல," என்றாள் அவள்.

அடுத்து ராமதாஸ். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதன் முனையால் கொக்கியைத் தட்டினார். கொக்கி விடுபட்டதும், தட்டின் இரண்டு ஓரங்களையும் நகநுனியால் பிடித்து, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல நிதானமாக வெளியே எடுத்தார். பட்டையில் ஒரு பொடி உதிரவில்லை.

கோகுலன் ஹாரிஸ் மேல் வைத்திருந்த வெற்றிப் பார்வையை மெதுவாக ராமதாஸ் பக்கம் திருப்பினான்.

"ரொம்ப அழகா எடுத்தீங்க சார்," என்றார் ருக்கையா. "இங்க இருந்த எட்டுத் தட்டையும் ஒருத்தர் உருவியிருக்கார். திருகாணி கழட்டி, உள்ள இருந்த டிஸ்க்கை மாத்தி, மறுபடி செருகியிருக்கார். அவ்வளவு வேலை நடந்தும் ஒரு பட்டைகூட அழியல. ஹாரிஸ் செஞ்சிருந்தா எட்டும் நாசமா போயிருக்கும். மொத்தத்தையும் ஒரு துணியால துடைச்சுப் போட்டிருந்தா எனக்கு ஒரு மண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா செஞ்சவருக்குத் துடைக்கக் கை வரல. கோயிலுக்குப் போற கை அது."

"என்ன பேசறீங்க? சாமி விஷயம், மரியாதையா எடுத்தேன். அது தப்பா?" ராமதாஸின் குரலில் இதம் போய்விட்டது.

"தப்பே இல்ல. கையில இருக்கற டிஸ்க்கைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

அவர் திருப்பவில்லை. தனலெட்சுமி இரண்டு எட்டு வைத்து அவர் கையிலிருந்து தட்டை வாங்கித் திருப்பினாள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பழைய சர்வரின் பெயரை அவளே மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாள், ஸ்டோருக்குத் தூக்கிப்போட்ட அன்று.

"மேடம், இது ஸ்டோர்ல கிடந்த கழிசல் டிஸ்க். இது நொண்டாம என்ன செய்யும்?"

ஹாரிஸ் தன் கையில் இருந்ததையும் திருப்பினார். அதுவும் அதே சாதி. அவர் முகத்தில் இப்போது வேறு கோபம். "என் பெட்டியைக் கழிசலோடவா ஓட விட்டீங்க? என்னை யாருன்னு நெனச்சீங்க?"

காமாரியா ராமதாஸைப் பார்த்தார்.

"சர்வர் மெதுவா இருக்கறதுக்கு உள்டிஸ்க்தான் காரணம், வெளிப்பெட்டி வாங்கினாத்தான் தீரும்னு நான் உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மேடம்," என்றார் ராமதாஸ், தரையைப் பார்த்து. "பழைய சர்வர் இருந்த காலத்துல இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கீழ வேலை செய்யற பொண்ணு வந்து, அது பொய்யின்னு எழுதிக் கொடுத்தா... நான் எப்படி மறுபடி அந்த மேசையில உக்காருவேன்?"

"அதுக்காக என்னைத் திருடின்னு சொன்னீங்களா?" தனலெட்சுமி தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "திருநீறைத் தொட பயந்தீங்க அண்ணே. ஒரு தட்டுல கூட கை படாம அவ்வளவு பக்குவமா எடுத்தீங்க. என் பேரை மட்டும் கூசாம அழிச்சீங்க."

ராமதாஸ் பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

காமாரியா தொண்டையைச் செருமிக்கொண்டார். தொழில் நடத்துகிறவரின் மூளை வேலை செய்யத் தொடங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. "சரி. ராமதாஸ் ராஜினாமா பண்ணிடுவார். தனம், நீ திங்கக்கிழமை வேலைக்கு வா. தீபாவளி நேரம். வெளிய யாருக்கும் தெரிய வேணாம், நல்லபடியா முடிச்சுக்கலாம்."

ருக்கையாவின் கட்சிக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது என்று கைகுலுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் கதவுப் பக்கம் நகரவே இல்லை. தனலெட்சுமியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாது மேடம்," என்றாள் தனலெட்சுமி.

"என்ன முடியாது?"

"நல்லபடியா முடியாது. வெள்ளிக்கிழமை அந்த மீட்டிங் ரூம்ல யார் யார் இருந்தாங்களோ, அவங்க எல்லாரும் வரணும். என்னைச் சொன்ன அதே ரூம்ல இதையும் சொல்லணும். அவர் வாயால சொல்லணும்."

"தனம், நீ கேக்கறது அதிகம்."

"நீங்க என்கிட்ட கையெழுத்துக் கேட்டீங்களே மேடம். அது கொஞ்சமா?"

காமாரியாவுக்கு இப்படிப் பேசுகிறவர்களைக் கேட்டுப் பழக்கமில்லை. வேலை கைக்கு வந்து மறுபடி நழுவப்போகிறது, ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று கோகுலனுக்கு நாக்கு துறுதுறுத்தது. ருக்கையா அவன் காலை அழுத்தி மிதித்தார். அவன் நாக்கு அடங்கியது.

காமாரியா கைப்பேசியை எடுத்தார். "ஷர்மினி, எல்லா மேனேஜரையும் மீட்டிங் ரூமுக்கு வரச் சொல்லு. ஆமா, இப்பவே. ஒருத்தர் விடாம."

அறை நிறைந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். ராமதாஸ் ஸ்டோரில் ஒளித்துவைத்திருந்த சரியான டிஸ்க்குகளை எடுத்துவந்து, தனலெட்சுமி தன் கையாலேயே செருகி, எல்லோருக்கும் முன்னால் டெஸ்ட்டை ஓட்டினாள். திரையில் இரண்டு கோடுகள் ஏறின. உள்ளது ஒரு கோடு, வெளியது ஒரு கோடு. கடைசிவரை ஒன்றையொன்று உரசிக்கொண்டே போயின.

"அப்ப ஹாரிஸ் பெட்டி தண்டமா?" என்று கணக்குப் பிரிவின் குகன் கேட்டார்.

"தண்டம் இல்ல. நல்ல பெட்டி," என்றாள் தனலெட்சுமி. "இன்னும் நாலு சர்வர் வரட்டும், நானே வாங்கச் சொல்வேன். இன்னிக்கு நமக்கு வேணாம். அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன்."

பின்வரிசையில் ஹாரிஸ் தலையாட்டினார். விற்பனை போய்விட்ட மனிதர் தலையாட்டுவதை கோகுலன் அன்றுதான் முதலில் பார்த்தான். அந்த ஆளைத் திருடன் என்று நினைத்ததற்கு அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு ராமதாஸ் எழுந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டிஸ்க்கை மாற்றியது தான்தான் என்றும், தனலெட்சுமி மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும் சொன்னார். முன்வரிசைக்கே பாதிதான் எட்டியது. சொல்லி முடித்துவிட்டு உட்காரப் போனார்.

"அண்ணே," என்றாள் தனலெட்சுமி. அவள் உட்காரவில்லை. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல. என்னைச் சொன்னப்ப எல்லாருக்கும் கேட்டுச்சு. அவ்வளவு சத்தமா சொல்லுங்க."

அறையில் யாரும் ராமதாஸுக்கு உதவிக்கு வரவில்லை. அவர் மறுபடி நிமிர்ந்து நின்றார், மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை வாசலில் இருந்த காவலாளிக்கும் கேட்டது.